தையலுக்கு விட்ட இடம்

கட்டாத கட்டடத்துக்கு அதற்குள் நான்கு பெயர்கள் வந்துவிட்டன. மெக்கானிக் அதை 'ஷெட்' என்றான். பிளான் போட்டுத் தரும் பொறுப்பை ஏற்றிருந்த அவன் தங்கை, படித்த படிப்புக்கு மரியாதையாக 'கராஜ்' என்றாள். மெக்கானிக்கின் மகள் 'ஸ்டூடியோ' என்றாள். அவளுடைய டிரம்ஸுக்கு அங்கே ஒரு மூலை உண்டு என்று யாரோ வாய்தவறிச் சொல்லிவிட்டார்கள். மெக்கானிக்கின் மனைவி மட்டும் 'வீடு' என்றாள். நான்கு பேரும் ஒரே கட்டடத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று வெளியாள் கண்டுபிடிக்க அரைமணி நேரமாவது ஆகும்.

ஊர் முடிகிற இடத்தில், ஒரு மரக்கிடங்கின் மதிலுக்கும் ஒரு சந்துக்கும் நடுவே, நீளமும் ஒல்லியுமாக ஒரு காலி மனை கிடந்தது. அண்ணனுக்கும் தங்கைக்கும் பொதுவாக அவர்கள் அப்பா விட்டுப் போனது. தங்கைக்கு ஏற்கனவே நல்ல ஃபிளாட் இருந்தது. "நீ கட்டிக்கோ அண்ணா. என் படகுக்கு மட்டும் ஒரு ஓரம் விடு, போதும்" என்று சொல்லிவிட்டாள். விடுமுறை நாட்களில் ஏரியில் துடுப்புப் போடுகிறவள் அவள். அந்தப் படகு இப்போது அவளுடைய வரவேற்பறையில், சோபா இருக்க வேண்டிய இடத்தில் படுத்திருந்தது.

திட்டம் இதுதான். கீழே ஒரே பெரிய கூடம். அதில் மெக்கானிக்கின் ரிப்பேர் வேலை, பழுதான வண்டிகளை இழுத்துவர அவன் வைத்திருக்கும் பெரிய வேன், தங்கையின் படகு, மகளின் டிரம்ஸ். கூடத்தை ஒட்டி ஒரு பக்கத்தில் தனியாகச் சுவர் எழுப்பி, மெக்கானிக்கின் மனைவிக்கு ஒரு தையல் அறை. கூடத்துக்கு மேலே வீடு. இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை, எட்டிப் பார்க்க ஒரு பால்கனி. வேலை முடிந்ததும் படியேறினால் வீடு, இறங்கினால் வேலை. இதைச் சொல்லும்போதெல்லாம் மெக்கானிக்குக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும்.

அவன் மனைவி சட்டை தைக்கிற தையல்காரி அல்ல. வண்டிகளுக்கு சீட் கவர், லாரிகளுக்குத் தார்ப்பாய், படகுகளுக்கு மழை மூடி என்று ஊசி உடையும் கனத்தில்தான் அவளுக்கு வேலை. அந்த வேலை நடந்த இடமோ, ஒரு லாண்டரிக் கடைக்கு மேலே வாடகைக்குப் பிடித்த இரண்டு அறைகளில், சாப்பாட்டு மேசை. காலையில் மெஷின் மேசைக்கு ஏறும். சாப்பாட்டு வேளைக்கு இறங்கும். திரும்ப ஏறும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மறுபடி இறங்கும். ரெக்சின் சுருள்கள் கட்டிலுக்குப் பின்னால் நின்றன. தார்ப்பாய் விரிக்க வேண்டுமானால் கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைத்துவிட்டு, அதுவும் போதாமல், பாதித் தார்ப்பாயை மாடிப்படியில் தொங்கவிட வேண்டும். கீழே லாண்டரிக்காரர் "மழை வருதா, இருட்டிடுச்சே" என்று கேட்பார். அவருக்கு அது அலுக்காத ஜோக்.

ஏரிப் படகுத்துறையின் மேலாளர் ஒருநாள் அவளைத் தேடி வந்தார். துறையில் இருக்கும் எல்லாப் படகுகளுக்கும் புது மூடி வேண்டுமாம். அவள் தைத்த ஒரு மூடியை, அது நாத்தனாருடைய படகின் மூடிதான், பார்த்துவிட்டு வந்திருந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். நிமிர்ந்து நின்ற கட்டிலைப் பார்த்தார்.

"எங்கம்மா விரிப்பீங்க?" என்றார்.

"இடம் ஒண்ணு ரெடியாகுது சார்" என்றாள் அவள்.

"ஆகட்டும். வேற யார்கிட்டயும் பேசல. ஆனா இடம் ஆகாம ஆரம்பிக்காதீங்க. மடிச்சு மடிச்சுத் தெச்சா தண்ணி நிக்கும்."

அவர் சொன்னது அவளுக்கே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு படகுமூடியை முழுசாக, ஒரே விரிப்பாக, தரையில் போட்டு வெட்டுவது எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். கத்தரிக்கோல் நிற்காமல் ஓடும். நடுவில் யாரும் தட்டு கேட்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மெஷினை இறக்கிவிட்டு, மேசையைச் சுற்றி நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். நாத்தனார் மடிக்கணினியைத் திறந்தாள்.

"முதல்ல அளவு. எதெது உள்ள வரணுமோ எல்லாத்தையும் அளந்து எனக்கு அனுப்புங்க. கீழ வர்றது அண்ணா பொறுப்பு. மேல வர்றது அண்ணி பொறுப்பு. அப்புறம் வந்து 'அது விட்டுப்போச்சு, இது விட்டுப்போச்சு'ன்னு கண்ணைக் கசக்கக் கூடாது."

"என் டிரம்ஸை நானே அளந்துக்கறேன்" என்றாள் மகள். "அப்பா அளந்தா டப்பா மாதிரி அளப்பாரு."

"உங்கப்பா அளந்தா என்ன குறை?" என்றான் மெக்கானிக்.

"அண்ணா, போன தடவை என் அலமாரிக்கு அளவெடுத்தே. ஞாபகம் இருக்கா? கதவு இன்னிக்கு வரைக்கும் முழுசாத் திறக்கல."

அவன் அசடு வழிந்தான். "இந்தத் தடவை அதெல்லாம் ஆகாது. தாராளமா அளக்கறேன், போதுமா?"

அன்றைக்கே சண்டையும் ஆரம்பித்தது. நல்ல சண்டை, எல்லோருக்கும் பிடித்த சண்டை. மாடிப்படி உள்ளே வருவதா வெளியேயா? உள்ளே வந்தால் பெட்ரோல் வாசனை சமையலறைவரை ஏறும் என்றாள் மனைவி. வெளியே வந்தால் மழையில் நனைய வேண்டும் என்றான் மெக்கானிக். "ஆயில் ஷூவோட என் வீட்டுக்குள்ள வர்றதுக்கு நனையறது மேல்" என்று அவள் ஒரே போடாகப் போட்டாள். படி வெளியே போனது. கூடத்தின் உயரம் எவ்வளவு? வண்டியைத் தூக்கிப் பிடிக்கிற லிஃப்டில் வேன் ஏறி நிற்க வேண்டும், அதற்கு அடியில் ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றான் அவன். அப்படியானால் படி அவ்வளவு உயரம் ஏறணுமே என்றாள் நாத்தனார். "ஏறினா கால் நல்லா ஆகும்" என்று மகள் தீர்ப்புச் சொன்னாள். அவளுக்குப் பதினாறு வயது, அவள் சொல்லலாம். டிரம்ஸ் சத்தம் மேலே கேட்காமல் இருக்க நடுவில் கனமான கான்கிரீட் தளம் போட வேண்டும் என்பதில் மட்டும் மகளைத் தவிர எல்லோரும் ஒரே கட்சி.

அந்த வாரம் வீடே அளவெடுத்தது. மெக்கானிக் இப்போது ரிப்பேர் வேலை பார்க்கும் வாடகை ஷெட்டில் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தான். நாத்தனார் ஆபீசுக்குப் போகுமுன் படகை அளந்தாள், அது ஒரே பகலில் வளர்ந்துவிடாது என்று தெரிந்தும் சாயங்காலம் வந்து மறுபடி அளந்தாள். மகள் கதவைச் சாத்திக்கொண்டு அளந்தாள். தையல்காரியோ கழுத்தில் இஞ்ச் டேப்பைத் தொங்கவிட்டபடி கட்டில், பீரோ, அடுப்பு மேடை, சிங்க், ஜன்னல், கடைசியில் துடைப்பம் நிற்கிற மூலை என்று எதையும் விடவில்லை. கடைசியாகத் தன் தையல் அறைக்கு வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு படகுமூடியை மனசுக்குள் விரித்து, சுற்றிலும் தான் மண்டியிட்டு நகர்வதற்கு வழி விட்டு, ஓர் அளவு எழுதினாள். எழுதிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. இவ்வளவு பெரிய இடத்தை இதுவரை அவள் யாரிடமும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு நாத்தனார் வந்தபோது முகம் சரியில்லை. செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தாள்.

"கட்டடம் மனைக்குள்ள நிக்கல" என்றாள்.

"நிக்கலன்னா?"

"சந்துக்குள்ள போய் நிக்குது அண்ணா. ஒரு அறை அகலத்துக்கு வெளிய துருத்திக்கிட்டு நிக்குது. சுத்தி விட வேண்டிய இடத்தைக் குறைக்க முடியாது, அதை விட்டாத்தான் அனுமதியே கிடைக்கும். மேல் சுவர் கீழ்ச் சுவர் மேலதான் உக்காரணும், அதனால மேல மட்டும் குறைச்சா பத்தாது, கீழ மட்டும் குறைச்சாலும் பத்தாது. மூணு நாளா இழுத்துப் பாத்துட்டேன். எதையாவது எடுத்தாத்தான் உண்டு."

மேசையைச் சுற்றி எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள். வேன் இல்லாமல் தொழிலே இல்லை என்றான் மெக்கானிக். படகு இல்லாவிட்டால் நான் எதற்கு மனையில் பாதியை விட்டுக்கொடுத்தேன் என்று நாத்தனார் கேட்கவில்லை. ஆனால் கேட்காமல் இருப்பது முகத்தில் நன்றாகத் தெரிந்தது. மகள் கையிலிருந்த இரண்டு ஸ்பூன்களால் மேசை விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தாள், அதுவே அவள் வாதம்.

தையல்காரியின் வாய் தானாகத் திறந்தது.

"என் அறையை எடுத்துடலாம். நான் எப்படியும் மேசையிலதானே தெச்சிட்டிருக்கேன்."

"சரி" என்றான் மெக்கானிக்.

அவள் வாயை மூடுவதற்குள் அந்தச் 'சரி' வந்துவிட்டது. 'வேண்டாம், இரு' என்று ஒரு வார்த்தை, பேருக்காவது ஒரு வார்த்தை, வரும் என்று அவள் நினைத்திருந்தாள். நாத்தனார் பெருமூச்சு விட்டு, "அண்ணி எப்பவும் அண்ணிதான்" என்றாள். பாராட்டாம். தையல்காரி எழுந்து போய் டீ போட்டாள். சர்க்கரை போட மறந்தாள். மறந்தது வேண்டுமென்றேதானா என்று அவளுக்கே சந்தேகம். அவன் மேல் கோபமாக வந்தது, நாத்தனார் மேல் வந்தது. எல்லாவற்றையும் விட, யாரும் கேட்குமுன்பே எடுத்து நீட்டிவிடுகிற தன் கையின் மேல்தான் அதிகமாக வந்தது. படகுத்துறை மேலாளருக்கு என்ன சொல்வது? இடம் ரெடியாகிறது, ஆனால் அதில் நான் இல்லை என்றா?

இரண்டு நாள் கழித்து, பாத்திரம் கழுவும் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டபோது, மகள் சமையலறைக்கு வந்து சுவரில் சாய்ந்தாள்.

"அம்மா, நான் டிரம்ஸ் வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீ முந்திக்கிட்டே. அப்பாடா, நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

மகள் உண்மையைச் சொன்னாளே என்று சந்தோஷப்படுவதா, காதைத் திருகுவதா என்று தெரியாமல் தையல்காரி அவள் கையில் ஒரு துணியைக் கொடுத்து, துடை என்றாள்.

அதற்கடுத்த ஞாயிறு எல்லோரும் மனைக்குப் போனார்கள். கோடு போட்டுப் பார்த்துவிடலாம் என்பது நாத்தனாரின் யோசனை. திரையில் பார்ப்பது வேறு, தரையில் நிற்பது வேறு என்றாள். வேன் வந்தது. வேனின் தலையில் படகு வந்தது. டிரம்ஸும் வந்தது. காட்சி காட்டுவதென்றால் முழுசாகக் காட்டிவிட வேண்டுமென்று மகள் பிடிவாதம். கோடு போடுவது தையல்காரியின் தலையில் விழுந்தது. நேர்க்கோடு என்றால் அந்த வீட்டில் அவள் கைதான். ஒரு டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, வெள்ளைச் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, கயிறு கட்டி, நாத்தனார் சொல்லச் சொல்ல அவள் தட்டிக்கொண்டே போனாள்.

கோபமாகத்தான் வந்திருந்தாள். ஆனால் நாலாவது கோடு மூன்றாவது கோட்டை வந்து தொட்டபோது, அவளையும் மீறி உடம்பெல்லாம் ஒரு குறுகுறுப்பு ஓடியது. வெறும் புல்லாகக் கிடந்த தரையில் ஒரு கட்டடம் படுத்திருந்தது. மெக்கானிக் வாசல் கோட்டின் வழியாக வேனை உள்ளே ஓட்டிவந்தான். சுவரே இல்லாத இடத்தில் "இடிக்குதா, இடிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். படகை இறக்கி அதன் ஓரத்தில் வைத்தார்கள். மகள் தன் மூலையில் உட்கார்ந்து ஒரே ஒரு அடி அடித்தாள். மரக்கிடங்கின் மதில்மேல் இருந்த காகங்களெல்லாம் கிளம்பிப் போயின. மாடியில் வர வேண்டிய அறைகளையும் தையல்காரி பக்கத்திலேயே வேறு கோடாகப் போட்டாள். நாத்தனார் சமையலறைக் கோட்டுக்குள் நின்று, இல்லாத ஜன்னல் வழியாக மெக்கானிக்குக் கை காட்டினாள். அவன் பதிலுக்குக் கை காட்டினான். பைத்தியங்கள்போல எல்லோரும் சிரித்தார்கள்.

தையல்காரி மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். யாராவது தான் தைத்த கவரை சீட்டில் மாட்டும்போது அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"தொளதொளன்னு இருக்கு" என்றாள்.

"எது?" என்றான் மெக்கானிக்.

"கட்டடம். அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி இருக்கு. வேனுக்கு ரெண்டு பக்கமும் பாருங்க. இன்னொரு வேன் வந்து நிக்கும்போல இருக்கே."

"வேலை செய்யணும்ல?"

"வேன் அகலம் எவ்வளவுன்னு எழுதிக் கொடுத்தீங்க?"

அவன் சொன்னான். அவள் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து வேனின் முகத்தில் குறுக்காகப் பிடித்தாள். அவன் சொன்னதற்கும் டேப் சொன்னதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

"கதவைத் திறந்து வெச்சு அளந்தேன்" என்றான் அவன். "ரெண்டு பக்கமும். திறக்கணும்ல? அப்புறம் ஒரு ஆள் குனிஞ்சு நிமிர இடம். அலமாரி விஷயத்துல இவகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா? அதான் தாராளமா..."

"அண்ணா!" நாத்தனார் சமையலறையை விட்டுச் சுவர் வழியாகவே வெளியே வந்துவிட்டாள். "கதவு திறக்க நான் விட்டிருக்கேனே! ஆள் நடக்கவும் விட்டிருக்கேன்! நீ கொடுத்ததுக்கு மேல விட்டிருக்கேன்!"

"நீ ஏன் விட்டே?"

"நீ எப்பவும் குறைச்சுத்தானே சொல்லுவே! உன் அளவு எதுவா இருந்தாலும் ரெண்டு பக்கமும் ஒரு அடி சேத்துக்கணும்னு நான் முடிவு பண்ணி வருஷக்கணக்காச்சு."

"அப்ப தப்பு உன் மேல."

"கதவைத் திறந்து வெச்சு யாராவது வண்டியை அளப்பாங்களா? கையை விரிச்சுக்கிட்டு நின்னு சட்டைக்கு அளவு கொடுப்பியா?"

மகள் டிரம்ஸுக்குப் பின்னால் மெதுவாகக் குனிந்தாள்.

"நீ எப்படி அளந்தே?" என்றாள் அம்மா.

"உக்காந்து, கையில குச்சியை வெச்சுக்கிட்டு..."

"வெச்சுக்கிட்டு?"

"ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு."

தையல்காரிக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "குடும்பமே இப்படியா! ஒருத்தருக்காவது உள்ளது உள்ளபடி அளக்கத் தெரியுதா!" என்றாள்.

நாத்தனார் அண்ணனை விட்டுவிட்டு மெல்லத் திரும்பினாள். அவள் பார்வை மாடிக்காகப் போட்ட கோடுகளின் மேல் நின்றது.

"அண்ணி, உங்க கட்டில் எவ்வளவு?"

தையல்காரி சொன்னாள். சொல்லும்போதே குரல் இறங்கியது.

"அவ்வளவு அகலக் கட்டிலை நான் கடையிலகூடப் பாத்ததில்லை அண்ணி. அதுல நாலு பேர் படுக்கலாம். எப்படி அளந்தீங்க?"

"டேப் வெச்சுத்தான் அளந்தேன்."

"வெச்சு?"

தையல்காரிக்கு முகம் சிவந்துவிட்டது. "தையலுக்கு விட்டேன்" என்றாள்.

"என்னது?"

"தையலுக்கு விட்டேன்மா. சுத்தி ஒரு சாண். தார்ப்பாய்க்கு மடிச்சு அடிக்க விடுவோம்ல, அது. கை தானாப் போட்டுடுச்சு. கட்டிலுக்கு விட்டேன், பீரோவுக்கு விட்டேன், அடுப்பு மேடைக்கு விட்டேன். அப்புறம் எல்லாத்தையும் கூட்டி, ரூமுக்கும் ஒரு தடவை விட்டேன்."

மெக்கானிக் வேனில் சாய்ந்து, அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். "கட்டிலுக்குத் தையல் விட்டிருக்கா! பீரோவை மடிச்சு அடிக்கப் போறா!" என்று அவன் கூவியது மரக்கிடங்குவரை கேட்டிருக்கும். நாத்தனாருக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. தையல்காரி கோபித்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு கட்டிலை ஊசியால் தைப்பதை நினைத்தாலே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பிறகு வேலை பறந்தது. நாத்தனார் விக்கலோடு கணக்குச் சொன்னாள். வேனின் கதவுகளைச் சாத்தி அளந்தார்கள். ஒரு பக்கக் கதவு திறந்தால் போதும், இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டு யாரும் பறக்கப் போவதில்லை என்று முடிவானது. மகள் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார, அவளைச் சுற்றி அளந்தார்கள். படகின் பக்கத்தில் போட்டிருந்த தாராளத்தை நாத்தனார் தானாகவே ஒப்புக்கொண்டாள். துடுப்பை வீசிப் பார்க்க இடம் விட்டிருந்தாளாம், தரையில். மாடியில் கட்டில் கட்டில் அளவுக்கு வந்தது, பீரோ பீரோ அளவுக்கு வந்தது. தையல்காரி பழைய கோடுகளைக் காலால் தேய்த்துத் தேய்த்து அழித்தாள், புதுக்கோடு போட்டாள். கீழ்ச் சுவர் உள்ளே நகர, மேல் சுவரும் கூடவே நகர்ந்தது. ஒவ்வொரு கோடாக மரக்கிடங்குப் பக்கம் ஒதுங்க ஒதுங்க, சந்துப் பக்கத்தில், மனையின் நீளத்துக்கும், வெறும் புல் பெரிதாகிக்கொண்டே வந்தது.

கடைசிக் கோடு விழுந்தபோது எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நாத்தனார் கைபேசியில் எதையோ தட்டினாள், மறுபடி தட்டினாள்.

"சுத்தி விட வேண்டியதையும் விட்டாச்சு. அப்புறமும் ஒரு அறை அகலம் மிச்சம் இருக்கு" என்றாள், தன் வாயையே நம்பாதவளாக.

தையல்காரி டப்பாவைச் சாய்த்துப் பிடித்தபடியே பார்த்தாள், செருப்பின் மேலெல்லாம் சுண்ணாம்பு கொட்டியது. அவள் வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக் எழுந்து, பின்பக்க மண்ணைத் தட்டிவிட்டு, அந்தப் புல்லுக்குள் நடந்துவிட்டான்.

"கம்ப்ரஸர் இங்க வெக்கலாம்! டயரெல்லாம் இப்படி அடுக்கினா..."

"அண்ணா, என் படகுக்குப் பாய்மரம் வாங்கணும்னு ரொம்ப நாளா ஒரு ஆசை. நீளம் சரியா வருது பாரேன்" என்று நாத்தனார் பின்னாலேயே போனாள்.

"மியூசிக் பாண்டு ஆரம்பிச்சா எல்லாரும் இங்க நிக்கலாம்" என்றாள் மகள். சொன்னவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

மற்ற இருவரும் பார்க்கவில்லை. டயரும் பாய்மரமும் அந்தப் புல்லுக்குள் ஏற்கனவே இடித்துக்கொண்டிருந்தன. தையல்காரிக்கு அந்தப் பழைய வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. 'சரி, நீங்க வெச்சுக்கோங்க.' எத்தனை சுலபமான வார்த்தை, பிறந்ததிலிருந்து பழகிய வார்த்தை. அதை அவள் விழுங்கினாள். குனிந்து, டப்பாவைத் தட்டத் தொடங்கினாள். கயிறுகூடப் பிடிக்கவில்லை. கூடத்தின் கோட்டிலிருந்து சந்துப் பக்கம்வரை ஒரு கோடு, அங்கிருந்து மனையின் நீளத்துக்கு ஒரு கோடு, திரும்ப உள்ளே ஒரு கோடு. பேசிக்கொண்டிருந்த அண்ணனும் தங்கையும் கோடு தங்கள் காலடியில் வந்து நின்றபோதுதான் பேச்சை நிறுத்தினார்கள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய வாங்க" என்றாள்.

"என்ன இது?" என்றான் மெக்கானிக்.

"என் அறை."

"அதான் வேண்டாம்னு நீயே..."

"சொன்னேன். தப்பாச் சொன்னேன். அப்ப நீங்களும் சரின்னீங்க, அதுவும் தப்பு. எனக்கு வேணும். முழுசா வேணும்."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. சத்தமாகவும் இருந்தது. நாத்தனார் ஒரு நொடி அண்ணியையே பார்த்தாள். பிறகு முகம் மலர, கோட்டைத் தாண்டி வெளியே குதித்தாள். "கதவு எங்க வெக்கட்டும், சொல்லுங்க அண்ணி. இப்பவே போட்டுடறேன்."

"சந்துப் பக்கம் ஒண்ணு, வர்றவங்களுக்கு. பெரிய கதவு, படகுமூடி சுருட்டாம வெளிய போகணும். கூடத்துப் பக்கம் ஒண்ணு, சின்னது. ஜன்னல் மூணு. அளவு அப்படியே சொல்றேன், நீ ஒண்ணும் கூட்டாதே, நானும் ஒண்ணும் கூட்டல."

மெக்கானிக் இன்னும் உள்ளேயே நின்றான். கண் மட்டும் ஒரு மூலைக்குப் போய்ப் போய் வந்தது.

"சரி சரி, உன் அறைதான். நான் இல்லைங்கலையே. அந்த மூலையில மட்டும், கம்ப்ரஸர் ஒண்ணே ஒண்ணு..."

"கிடையாது."

"ஒரு டயர்?"

"ஒரு நட்டுகூடக் கிடையாது."

அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து, கூடத்துக்குள் போனான். அவள் தன் அறையின் நடுவில் நின்றாள். நான்கு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு ஓட வேண்டும்போல் இருந்தது, ஓடினாள். இந்தக் கோடி தொட்டு அந்தக் கோடிவரை ஓடி, மூச்சு வாங்க நின்று, அங்கேயே மண்டியிட்டு, இரண்டு கையாலும் புல்லைத் தடவிப் பார்த்தாள்.

சின்னக் கதவு வரப்போகிற இடத்தில் மெக்கானிக் வந்து நின்றான். கோட்டை மிதிக்காமல் நின்றான். கையைத் தூக்கி, இல்லாத கதவில், வாயாலேயே "டொக் டொக்" என்று தட்டினான்.

"யாரு?" என்றாள் அவள், நிமிராமலே.

"நான்தாம்மா. உள்ள வரலாமா?"

"வேலை நடக்குது. அப்புறம் வாங்க."

அவன் கோட்டுக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு, காத்து நின்றான்.